சோளகத்துக்கு எதிரே: வங்கி வேலையை விட்டுப் பயணம் போன என் தம்பி

2023 மார்ச் 31 ஆம் திகதி பின்னேரம், வங்கியின் சாவிக்கொத்தை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தான். வயது 36. பன்னிரண்டு ஆண்டு வேலை. அடுத்த பதவி உயர்வுக்கு அவனுடைய பெயரும் போயிருந்தது. வேறு வேலை எதுவும் கையில் இல்லை, கனடாவுக்குப் போகும் ஒழுங்கும் இல்லை, அலுவலகத்தில் யாரோடும் சண்டையும் இல்லை. சைக்கிளில் இலங்கையைச் சுற்ற வேண்டும், பிறகு இமயமலைப் பக்கம் போக வேண்டும், அதற்குப் பிறகும் இப்படியே வாழ முடியுமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் காரணம்.

நான் அவனுடைய அக்கா. உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். அவனுடைய செலவுக் கொப்பியை முதல் நாளிலிருந்து இன்றுவரை எழுதி வருவது நான்தான். இரண்டு ஆண்டுகளாக என் பழைய மாணவர்கள், வங்கியிலும் கச்சேரியிலும் பாடசாலைகளிலும் வேலை செய்கிறவர்கள், அவனைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எப்படித் துணிந்தீர்கள்? அந்தக் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. கொப்பியைப் புரட்டிப் பார்க்கும்போது, துணிவுக்கு அதில் ஒரு சின்ன இடம்தான் இருக்கிறது. பெரிய இடம் கடனுக்கும் அம்மாவுக்கும் எனக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி, பிழைகளையும் சேர்த்து எழுதுகிறேன். தம்பி வாசித்து இரண்டு இடங்களில் திருத்தினான்.

பின்னணி

தம்பியின் முதல் நீண்ட பயணம் 1995 ஒக்டோபர் 30 இரவு. அவனுக்கு எட்டு வயது. போர் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. அப்பாவின் சைக்கிளில் முன் பாரில் அவன், பின் கரியரில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேலே அம்மாவின் தையல் மெசின். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல்கள் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வயதுக்காரருக்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் போவது என்றால் இரண்டே வகைதான் தெரியும். ஒன்று இடம்பெயர்வு, மற்றது வெளிநாடு. முதலாவதில் போகச் சொல்லித் துரத்துவார்கள். இரண்டாவதில் போய்க் காசு அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காக மட்டும் ஒருவர் போவது எங்கள் வீட்டு மொழியில் இல்லாத விடயம். அம்மா திரும்பத் திரும்பக் கேட்ட ‘எதுக்கு?’ என்ற கேள்வி பிடிவாதத்தில் வந்ததில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

போர் முடிந்த கையோடு வங்கிகள் வடக்கில் கிளை மேல் கிளையாகத் திறந்தன. 2011 இல் தம்பி ஒரு தனியார் வங்கியில் சேர்ந்தான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய் என்று வளர்ந்த வீடு எங்களுடையது. வங்கி அரசாங்கம் இல்லை என்றாலும் சேமலாப நிதி இருக்கிறது, கழுத்துப்பட்டி இருக்கிறது, அம்மாவுக்கு அது போதும். அடுத்த ஆண்டே அவன் ஊழியர்களுக்கான குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தான். வீடு அவனுக்கில்லை. என் சீதன வீட்டின் அரைகுறைச் சுவர்களுக்கு மேல் கூரை போட எடுத்த கடன் அது. 2013 இல் எனக்குக் கலியாணம் நடந்தது. அடுத்த ஆண்டு அப்பா காலமானார். தம்பி அந்தக் கடனைக் கட்டி முடித்தது 2021 டிசம்பரில்.

இந்தக் கதையில் நான் முதன்மையாகக் கருதும் திகதி அதுதான். வேலையை விட்ட நாளைவிட எத்தனையோ மடங்கு பெரிய நாள். கடன் இருக்கும்போது விலகியிருந்தால், ஊழியர் வட்டி போய் சாதாரண வட்டி வந்திருக்கும். 2022 இல் வட்டிகள் ஏறிய ஏற்றத்தில் அந்தத் தவணையை எங்கள் குடும்பம் கட்டியிருக்கவே முடியாது. வங்கியில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். உங்களைக் கதிரையில் கட்டி வைத்திருப்பது பயம் என்று நினைக்கிறீர்கள். பலருக்கு அது அந்தக் கடன் பத்திரம்.

அப்புறம் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை. தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பாவின் பழைய சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினான். முதலில் கொக்குவிலிலிருந்து பட்டணம் மட்டும். பிறகு ஞாயிறுகளில் பருத்தித்துறை, குறிகட்டுவான், சங்குப்பிட்டிப் பாலம். பாலத்தின் நடுவில் நின்று போன் எடுத்து, “அக்கா, இதுதான் யாழ்ப்பாணத்தில இருக்கிற ஒரே ஏத்தம்” என்றான். பத்து ஆண்டுகளில் அவன் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

வீட்டில் நடந்த பேச்சு

விலகப் போவதை அவன் 2022 ஐப்பசியில் சொன்னான். இரவு, புட்டுச் சாப்பிட்டு முடித்த நேரம்.

“விசர் பிடிச்சிட்டுதே உனக்கு? இருக்கிற வேலையை ஆராவது விடுவினமே?”

“போயிட்டு வருவன் அம்மா.”

“எதுக்கு?”

அவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. சுற்றிவளைத்து ஆழிக்குமரன் ஆனந்தனுக்குப் போனான். வல்வெட்டித்துறைக்காரர், சட்டம் படித்தவர், 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து நிற்காமல் திரும்பியும் நீந்தி வந்தவர். போக வர 51 மணித்தியாலம். எங்கள் வடமராட்சிச் சொந்தக்காரர் இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படுகிற மனிதர்.

“அவருக்கு ஆரும் எதுக்கெண்டு கேட்டவையே அம்மா?”

“கேட்டிருப்பினம். கடைசியா எந்தக் கடலில போனவர் எண்டதையும் சொல்லு.”

1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில்தான் ஆனந்தன் உயிரிழந்தார். அதற்குப் பிறகு அன்றிரவு யாரும் பேசவில்லை.

நானும் அவனுக்கு எதிராகத்தான் நின்றேன். அவனுக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்பது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கிழமையே அவனைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் பேசினேன். அவன் கோபப்படவில்லை. “உன்ர கூரை போட்டாச்சு அக்கா” என்று மட்டும் சொன்னான். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒரு வேலை முடிந்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

கணக்கு

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

தனியார் துறையில் வேலை செய்கிறவருக்கு மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. விலகினால் அந்தப் பணம் கைக்கு வரும் என்று தம்பியே, ஒரு வங்கிக்காரன், அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தான். வராது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. வீடு, மருத்துவம் போன்ற சில தேவைகளுக்கு ஒரு பகுதியை முன்கூட்டி எடுக்கலாம், ஊர் சுற்ற எடுக்க முடியாது. ஊழியர் நம்பிக்கை நிதி வேறு. அது முதலாளி மட்டும் கட்டும் 3 வீதம், வேலையிலிருந்து விலகினால் வயது பார்க்காமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவைதான். மூன்றாவது பணிக்கொடை. ஐந்து ஆண்டு பூர்த்தியானவருக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். தம்பிக்குப் பன்னிரண்டு ஆண்டு, ஆகவே ஆறு மாதச் சம்பளம், 660,000 ரூபா.

அந்தப் பணிக்கொடையை அவன் தொடவில்லை. மேலும் 60,000 சேர்த்து, அம்மாவின் பெயரும் என் பெயரும் இருக்கிற கணக்கில் போட்டான். மாதம் 30,000 படி இரண்டு ஆண்டுக்கு அம்மாவின் செலவு. இந்த முடிவுதான் வீட்டின் வாயை அடைத்தது என்று சொன்னால் அது பிழை. அம்மா அதற்குப் பிறகும் பேசினார். ஆனால் பேச்சின் தன்மை மாறியது. கைவிட்டுப் போகிறான் என்பது போய், எப்போது வருவான் என்பது வந்தது.

பயணத்துக்கு அவனுடைய சொந்தச் சேமிப்பு. அதில் காலமும் உதவியது. 2022 கடைசியில் ஓராண்டு நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. நவம்பரில் அவன் 14 லட்சத்தை அப்படிப் போட்டுவிட்டான். அந்த வட்டியைப் பார்த்து மயங்கவும் கூடாது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். வைப்பு வளர்ந்த வேகத்தைவிட அரிசி விலை வேகமாக வளர்ந்தது. 2023 முடிவதற்குள் வட்டியும் ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிட்டது. இன்று விலக நினைக்கிறவர் தம்பியின் 2022 வட்டியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

நாங்கள் இருவரும் தவறவிட்டது மருத்துவக் காப்புறுதி. அம்மாவும் அவனுடைய வங்கிக் காப்புறுதியில்தான் இருந்தார். மார்ச் 31 உடன் அது நின்றது. ஜூனில் அம்மாவுக்குக் கண்ணில் வெண்படலம் எடுக்க வேண்டியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் நல்லபடியாகச் செய்தார்கள், காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காத்திருப்பில் தம்பியின் புறப்பாடு தள்ளிப்போனது. அது வேறொரு பிழைக்கு வழிவிட்டது.

முதல் பயணம்: 2023 ஆடி

அவன் போக நினைத்தது பங்குனி முடிவில், காற்று அடங்கியிருக்கும் காலத்தில். கண் சத்திரசிகிச்சை முடிந்ததும், ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடித்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னார். அவர் கேட்டது அது ஒன்றுதான். ஆகவே புறப்பட்டது ஜூலை 18, ஆடிச் சோளகக் காற்று முழு வீச்சில் அடிக்கிற நேரம்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு நான் அங்கே இருந்தேன். ஒன்பது மாதமாக முகம் கொடுத்துப் பேசாத அம்மா, குசினி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலை அம்மிக்குழவியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் கணு அளவுத் துண்டுகள். பெரிதாக இருந்தால் சைக்கிளில் போகும்போது கடிக்க ஏலாது என்றார். கண்ணுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியோடு, தடவித் தடவி, துண்டுகளில் ஓடிய நாரை உரித்து எடுத்தார். ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையப் புழுக்கொடியல், இன்னொன்றில் சதுரம் சதுரமாக வெட்டிய பனாட்டு. இரண்டும் மாதக்கணக்கில் பழுதாகாது, இரண்டு துண்டில் பசி அடங்கும். தம்பி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளுக்கு எண்ணெய் விடப் போனான்.

அடுத்த நாள் சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் பூநகரியில் மன்னார் வீதிக்குத் திரும்பிய பிறகுதான் அவனுக்குக் காற்று தெரிந்தது. அந்த வீதி தெற்கு, தென்மேற்காகப் போகிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. நேருக்கு நேர். நிழலுக்கு மரம் அரிது, இரண்டு பக்கமும் வெட்டை. தட்டையான வீதியில் மணித்தியாலத்துக்கு எட்டுக் கிலோமீற்றர். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது. மண் கண்ணில் அடிக்கிறது. பஸ்ஸில் சில மணித்தியாலத்தில் முடிகிற தூரத்துக்கு அவனுக்கு மூன்று நாள். மன்னார்த் தீவின் கரையில் நிற்கிற 30 காற்றாலைகளைப் பார்த்தவருக்கு இது விளங்கும். 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கலாம் என்று கணித்துத்தான் அவற்றை அங்கே நட்டிருக்கிறார்கள். என் தம்பி அதே காற்றுக்கு எதிரே சைக்கிள் ஓடினான்.

இலுப்பைக்கடவையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் அவனுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: “தம்பி, சோளகத்தில ஆராவது இந்தப் பக்கத்தால இறங்குவினமே? முல்லைத்தீவால போய்ச் சுத்தி, மேற்கால ஏறியெல்லோ வரோணும். காத்தே உன்னைக் கொண்டுவந்து வீட்டில விட்டிருக்கும்.”

அந்த ஒரு வசனத்தில் முழுத் திட்டமும் பிழை என்று தெரிந்துவிட்டது. தம்பி போனில் வரைபடத்தைப் பார்த்துப் பாதை போட்டிருந்தான். ஒவ்வோர் இரவும் தங்குமிடம், ஒவ்வொரு சைக்கிள் கடை, எல்லாம் குறித்திருந்தான். காற்றைக் குறிக்கவில்லை. கரையோரத்தில் பிறந்த எவருக்கும் சோளகம், வாடை, கொண்டல் எல்லாம் தெரிந்த சொற்கள். நாங்கள் படித்து வங்கிக்கும் பாடசாலைக்கும் போனபோது அவை வெறும் சொற்களாகிவிட்டன. எனக்கு இது மிகவும் வருத்தமான இடம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல், எங்கள் ஆட்களே மாலுமிகளாகப் போய், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்த அறிவு அடுத்த ஊரில்தான் இருந்தது. அவன் போய் ஒருவரையும் கேட்கவில்லை.

மன்னாரிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், கொழும்பு, காலி. மேற்கில் மழை, கிழக்கில் மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்கிற வரண்ட காற்று. யானை நடமாடும் வீதிகளில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஓடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான், காப்பாற்றினான்.

தெற்கில் அவன் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. தங்காலைக்குக் கிட்ட ஒரு காவலரணில் மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, பையைத் திறக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் என்றதும் அந்தப் பொலிஸ்காரர் கேட்டார்: “மொகடத மல்லி?” எதுக்கு தம்பி? அம்மாவின் அதே கேள்வி, சிங்களத்தில். தம்பி பனாட்டுப் போத்தலைத் திறந்து நீட்டினான். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, என்ன பழம் என்று கேட்டு, பனம்பழத்தில் இப்படியும் செய்வார்களா என்று அதிசயப்பட்டு, இரவு தங்குவதற்குப் பக்கத்து விகாரையில் சொல்லி இடம் எடுத்துக் கொடுத்தார். அங்கே அவன் இரண்டு இரவு இருந்தான். அவனுடைய சிங்களம் அதுவரை வங்கிச் சிங்களம், பணமும் படிவமும் மட்டும். பேச்சுச் சிங்களம் தொடங்கியது அந்த விகாரை முற்றத்தில் என்று சொல்கிறான்.

பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு வழியாக 52 ஆவது நாள் வீட்டுக்கு வந்தான். நல்லூர்த் தேருக்கு நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார், தேருக்கு முன்பே வந்துவிட்டான். மொத்தச் செலவு 148,000 ரூபா. பதினொரு கிலோ மெலிந்திருந்தான். படலையில் நின்ற அம்மா அவனைப் பார்க்க முதல் சைக்கிளின் கரியரைப் பார்த்தார். போத்தல் இரண்டும் வெறுமை.

இரண்டாவது பயணம்: 2024

இது பற்றிச் சுருக்கமாகவே எழுத முடியும், எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் வடக்கே, இமயமலையில் மணாலியில் தொடங்கி லே வரைக்கும் சைக்கிள். அதற்கு முன் அவன் படுத்துறங்கிய மிக உயரமான இடம் நுவரெலியா, 1,868 மீற்றர். ஜிஸ்பா 3,200 மீற்றர் அளவு. அங்கிருந்து பாராலாச்சா கணவாயைத் தாண்டி ஒரே மூச்சில் சர்ச்சு போனான், அது 4,290. மூவாயிரம் மீற்றருக்கு மேலே இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. அவனுக்கும் தெரியும். கால் நன்றாக இருந்தது, நுரையீரல் நன்றாக இருந்தது, அதனால் போனேன் என்கிறான்.

அன்றிரவு தலையிடியும் வாந்தியும். காலையில் சைக்கிளைப் பிடித்து நிற்க முடியவில்லை, குடித்தவன் மாதிரிக் கால் பின்னியது. கூடாரத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல், சைக்கிளோடு அவனை ஒரு லொறியில் ஏற்றிக் கேலாங்குக்கு அனுப்பிவிட்டார். இறங்க இறங்கத் தெளிந்ததாம். அந்த மனிதர் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான்கு நாள் ஓய்வெடுத்து, திரும்ப ஏறி, இந்த முறை இடையில் தங்கித் தங்கி, லே போய்ச் சேர்ந்தான். எனக்குச் சொன்னது லேயிலிருந்து. நான் போனை வைத்துவிட்டேன், இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவனுடைய பயணக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பவற்றுக்குப் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. கணக்கீடு படிப்பிக்கிற நான் அதைப் போக முதல் வாசித்திருக்க வேண்டும்.

இப்போது

வங்கிக்குத் திரும்பவில்லை. ஒரு பகுதிக்கு மட்டுமான சுற்றுலா வழிகாட்டிக்குரிய பயிற்சி முடித்து, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் எடுத்திருக்கிறான். ஆண்டில் ஐந்து மாதம் சிறு குழுக்களைச் சைக்கிளில் பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று கூட்டிப்போய், படகேற்றி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கொண்டுபோகிறான். மிச்ச மாதங்களில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறான், அல்லது பயணத்தில் இருக்கிறான். கொப்பியின்படி அவனுடைய ஆண்டு வருமானம் வங்கிச் சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். அம்மாவின் 30,000 ஒரு மாதமும் தவறவில்லை.

தீராதவையும் இருக்கின்றன. சேமலாப நிதிக்கு ஒரு சதமும் சேரவில்லை, 55 க்குப் பிறகு என்ன என்பதற்கு அவனிடமும் என்னிடமும் முழுப் பதில் இல்லை. இரண்டு சம்பந்தங்கள் வேலையைக் காரணம் சொல்லி நின்றுபோயின. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை, எனக்கு மனம் ஆறவில்லை. அம்மாவுக்கு 71. அவன் இல்லாத மாதங்களில் இரவில் நான் போய் அம்மாவோடு படுக்கிறேன். ஆகவே அவனுடைய பயணத்தில் என் பங்கும் இருக்கிறது. அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறான்.

என் மாணவி ஒருத்தி, நில அளவைத் திணைக்களத்தில் வேலை, போன மாதம் இதே கேள்வியோடு வந்தாள். தம்பி அவளிடம் முதலில் கேட்டது கடன் இருக்கிறதா என்று. இரண்டாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. இருபது நிமிடம் பேசிய பிறகுதான் சைக்கிளைக் காட்டினான். அவளுக்கு விலகவே தேவையில்லை என்பது என் கருத்து. 2022 நெருக்கடியின்போது அரச ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை சம்பளமில்லாத விடுமுறை எடுக்க, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் வழிவிட்டார்கள். இன்றைய நிலையை உன் திணைக்களத்தில் கேள், எழுத்தில் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்ததாக அவன் மாசியில் புறப்படுகிறான், இந்த முறையும் இலங்கையைச் சுற்றித்தான், ஆனால் கிழக்குப் பக்கத்தால். போன கிழமை அவனைத் தேடிப் போனபோது வீட்டில் இல்லை, வல்வெட்டித்துறையில் ஒரு பழைய தண்டையலை, கப்பலோட்டியை, பார்க்கப் போயிருக்கிறான் என்றார் அம்மா. முற்றத்தில் பாய் விரித்துப் புழுக்கொடியல் காய்ந்துகொண்டிருந்தது. காகம் வராமல் பார்க்கச் சொல்லி என் கையில் ஒரு தடியைத் தந்துவிட்டு அவர் உள்ளே போனார்.